பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் துணையாகப் போகிறீர்களா? தமிழ்நாட்டில் சட்டம் தருவதைப் படிப்படியாகக் கேட்டு வாங்கும் முறை

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணோ குழந்தையோ தனியாகக் காவல் நிலையப் படி ஏறுவது அரிது. அம்மா, அக்கா, தோழி, விடுதி வார்டன் என்று யாராவது கூட வருவார்கள். இந்த வழிகாட்டி அப்படிக் கூட வருபவருக்காக எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவர் நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தத் தாளை வாங்காமல் திரும்பக் கூடாது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவதை நியாய சன்ஹிதா என்றும் இரண்டாவதை சுரக்ஷா சன்ஹிதா என்றும் கீழே சுருக்கியிருக்கிறோம். வல்லுறவுக்கான பழைய 376ஆம் பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவின் 64. மாஜிஸ்திரேட் முன் தரும் '164 வாக்குமூலம்' இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 183. நிலையத்திலும் கோர்ட்டிலும் இன்னும் பழைய எண்களைத்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

முதல் மூன்று நாள்

மருத்துவமனையா, காவல் நிலையமா, எது முதலில்? எங்கே போனாலும் தவறில்லை. ஆனால் உடலுக்கு ஒரு கெடு இருக்கிறது, அதை நினைத்தால் மருத்துவமனை முந்துகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரை கொடுக்கலாம் என்றாலும் நாள் ஏற ஏற பலன் குறையும். உடலிலிருந்து தடயம் எடுப்பதற்குச் சுமார் 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

குளிக்காமல், உடை மாற்றாமல் போக முடிந்தால் நல்லது. குளித்துவிட்டிருந்தால்? அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். "குளிச்சிட்டியா, இனி ஒண்ணும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காயம் இருக்கும், உடையில் கறை இருக்கும், துவைத்த துணியில்கூடச் சில நேரம் தடயம் மிஞ்சும். உடைகளைப் பிளாஸ்டிக் பையில் திணிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்தால் மரபணு சிதைந்துவிடும். ஈரமான துணியை நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலோ செய்தித்தாளிலோ மடித்து வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது.

கைபேசியில் மிரட்டல், படம், ஆடியோ எதுவும் இருந்தால் அழிக்க வேண்டாம். அசிங்கம் என்று நினைத்து அழித்துவிடுவதுதான் பல வழக்குகளில் நடக்கிறது. எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் கைபேசிக்கு அனுப்பி வையுங்கள். மூலச் செய்தியும் அதே கைபேசியில் இருக்க வேண்டும். அந்தரங்கப் படம் இணையத்தில் ஏறியிருந்தால் 1930க்கு அழையுங்கள். கூடவே அந்தத் தளத்திலேயே பாதிக்கப்பட்டவர் பெயரில் புகார் பதியுங்கள். அப்படிப் புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் படத்தை நீக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

உடனடியாகக் கூட ஆள் வேண்டுமென்றால் 181 மகளிர் உதவி எண். குழந்தை என்றால் 1098. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில், 'சகி' மையம் என்றும் சொல்வார்கள், தற்காலிகத் தங்கல், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். எஃப்.ஐ.ஆர்., அதாவது காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, போட்டிருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்றில்லை.

மருத்துவமனையில்

சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் வல்லுறவுக்கு ஆளானவருக்கு உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். "போலீஸ் மெமோ வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி குற்றம். அதற்கு நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. மருத்துவமனையே போலீசுக்குத் தகவல் சொல்லும், அது அவர்கள் கடமை. ஆனால் வயது வந்தவர் தடயப் பரிசோதனை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்லலாம். அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சை தர வேண்டும்.

தடயப் பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் கட்டாயம். ஒவ்வொரு கட்டத்திலும் 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பெண் மருத்துவர் இல்லையென்றால் பெண் உதவியாளர் ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும், ஆண் காவலர் இருக்கக் கூடாது. இரு விரல் பரிசோதனை செய்ய முனைந்தால் மறுத்துவிடுங்கள். அது பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் நடத்தைக்கேட்டுக் குற்றவாளி ஆவார் என்றும் அறிவித்தது. 'கன்னித்திரை பழைய கிழிசல்', 'உறவுக்குப் பழகியவர்' போன்ற வரிகள் அறிக்கையில் இருக்கவே கூடாது.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, யார் அழைத்து வந்தார், வயது, மரபணுச் சோதனைக்கு எடுத்த பொருள்கள், காயங்கள், மனநிலை, ஒப்புதல் பெற்ற குறிப்பு, பரிசோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். மருத்துவர் ஏழு நாளுக்குள் அறிக்கையை விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். காயமே இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று பயப்பட வேண்டாம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பயத்தில் உடல் உறைந்து போவது இயல்பு என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியச் செய்யலாம்.

கிளம்பும் முன் விபத்துப் பதிவேட்டின் நகலையோ குறைந்தபட்சம் அதன் எண்ணையோ வாங்கிக்கொள்ளுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் புரியும். இரண்டு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் மூன்று தவணை. மறுமுறை வரும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் முதல் நாளோடு நின்றுவிடும்.

கர்ப்பம் தரித்துவிட்டால், மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 24 வாரம் வரை அனுமதிக்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20 முதல் 24 வரை இருவர். எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டச் சொல்லித் தாமதிப்பது தவறு. 24 வாரம் தாண்டினால் உயர் நீதிமன்றம்தான் வழி, அதற்குள் ஒரு நாளும் வீணாகக் கூடாது. கருக்கலைப்புக்கு முன் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். கருவின் திசு, தகப்பன் யார் என்பதற்கான மரபணுச் சான்று. அதை வழக்கம்போல் ஃபார்மலினில் போட்டுவிட்டால் மரபணு கெட்டுவிடும். சாதாரண உப்புக் கரைசலில், குளிர்ச்சியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நல்ல வழக்குகள் இந்த ஒரு பாட்டிலால் கெட்டிருக்கின்றன.

காவல் நிலையத்தில்

தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே போவது எளிது. ஆனால் 'எங்க எல்லையில்ல' என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரியே எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்து, வீடியோ எடுத்துப் பதிய வேண்டும். விசாரணைக்கென்று ஒரு பெண்ணை நிலையத்துக்கு அலைக்கழிக்கவும் கூடாது. அதே சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும்.

புகாரில் சொற்கள் எப்படி விழுகின்றன என்று கூர்ந்து பாருங்கள். இந்த இடத்தில்தான் வழக்கின் கனமே தீர்மானமாகிறது. நம் வீடுகளில் இதைச் சொல்ல வாய் வராது. "தப்பா நடந்துக்கிட்டான்", "கெடுத்துட்டான்" என்றுதான் சொல்வோம். நிலையத்து ரைட்டர் அதையே 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று எழுதினால் நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவு போடுவார்கள். அதற்குத் தண்டனை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. உண்மையில் நடந்தது வல்லுறவு என்றால் பிரிவு 64, குறைந்தபட்சமே பத்தாண்டு (மாநிலத் திருத்தம் பற்றிப் பின்னால் வருகிறது). ஆணுறுப்பு மட்டுமல்ல, விரல், வேறு ஏதேனும் பொருள், வாய் என எதைக் கொண்டு, எவ்வளவு சிறிதளவு நுழைத்திருந்தாலும் 63ஆம் பிரிவின்படி அது வல்லுறவே. அதனால் எந்த உறுப்பு, எங்கே, என்ன செய்தான் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். கூச்சத்தால் அவருக்கு வாய் வரவில்லையென்றால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம்.

புகாரில் இருக்க வேண்டியவை இவை: நாள், நேரம், இடம், செய்தவர் யார், அவருக்கும் இவருக்கும் என்ன உறவு, மிரட்டல், ஆயுதம், படம் எடுத்தது, பார்த்தவர், பிறகு முதலில் யாரிடம் சொன்னார் என்பது, சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல் அப்படியே. நாள் கழித்து வந்திருந்தால் காரணத்தையும் சேருங்கள். 'வீட்டில் சொல்லப் பயந்தேன்', 'கொன்றுவிடுவேன் என்றான்' என்று ஒரு வரி போதும். பாலியல் வழக்கில் தாமதம் மட்டுமே வழக்கைக் கெடுக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. விளக்கம் எழுதாத தாமதம்தான் குறுக்கு விசாரணையில் ஆயுதமாகும். தேதி நினைவில்லையென்றால் 'ஆடி வெள்ளிக்கு முந்தின வாரம்' என்பது போல எழுதலாம். ஊகித்து ஒரு தேதியைப் போடக் கூடாது.

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறிருந்தால் திருத்திய பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பிறகு வாங்க வேண்டிய தாள், எஃப்.ஐ.ஆர். நகல். இலவசமாகத் தர வேண்டும். பல நேரம் சி.எஸ்.ஆர். எனும் மனு ரசீதைக் கையில் கொடுத்து "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, வழக்கு அல்ல. புதிய சட்டத்தில் 14 நாள் பூர்வாங்க விசாரணைக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது மூன்றாண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. வல்லுறவுக்கு அது பொருந்தாது. இதைச் சொன்னாலே பாதி இடங்களில் பேச்சு மாறும்.

மறுத்தால்? புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு, மாநகரமென்றால் கமிஷனருக்கு, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் உறுதிமொழிப் பத்திரத்துடன் சுரக்ஷா சன்ஹிதா 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீதை இழந்தால் அந்த மனு தடுமாறும், பத்திரமாக வையுங்கள். பாலியல் குற்றத் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதா 199இல் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் என்பதையும் மனுவில் குறிப்பிடலாம்.

'ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிடலாம்' என்று யாராவது நிலையத்துக்குள்ளேயே சமரசம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். இது இரு தரப்பும் கூடி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றமே அல்ல. கல்யாணம் செய்துவைப்பது, பணம் வாங்கிக்கொள்வது எதுவும் வழக்கை முடிக்காது. போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழான வழக்கை, சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரிலும் சொல்லியிருக்கிறது.

பெயர் வெளியே போகாமல்

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவதும் பரப்புவதும் நியாய சன்ஹிதா 72இன்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெயர் மட்டுமல்ல, தெரு, பள்ளி, அப்பா பெயர் என்று எதுவானாலும். நியாயம் கேட்டு ஸ்டேட்டஸ் போடும் சொந்தக்காரருக்கும் இது பொருந்தும், முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். இவ்வகை எஃப்.ஐ.ஆர். காவல் துறை இணையதளத்தில் ஏறக் கூடாது. ஏறியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாக வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்தபோது, 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. 2019இல் பொள்ளாச்சி வழக்கிலும் அரசாணையில் பெயர் வந்ததற்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதே தொகையைச் சொன்னது. கசிவு என்பது 'நடந்தது நடந்துபோச்சு' என்று விடக் கூடிய விஷயமல்ல.

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம்

தகவல் கிடைத்ததும் காவல் துறை பாதிக்கப்பட்டவரை மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போக வேண்டும். கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட், இல்லையென்றால் ஒரு பெண் உடனிருக்க ஆண் மாஜிஸ்திரேட். போலீஸ் அறைக்குள் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், காத்திருப்பு மணிக்கணக்கில் ஆகும். 'இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு' என்று பயிற்சி கொடுக்கவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆரில் இல்லாத ஒன்று இங்கே நினைவுக்கு வந்தால் தயங்காமல் சொல்லலாம். நினைவில்லாததை நினைவில்லை என்பதே சரி. மாற்றுத்திறனாளியின் இந்த வாக்குமூலம் பின்னர் நீதிமன்றத்தில் முதல் விசாரணைச் சாட்சியமாகவே கொள்ளப்படும், மீண்டும் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. இதன் நகலை மட்டும் உடனே கேட்டு அலைய வேண்டாம், குற்றப்பத்திரிகைக்குப் பிறகுதான் கிடைக்கும்.

குற்றப்பத்திரிகை வரை

வல்லுறவு, போக்சோ வழக்குகளில் விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும். 90 நாளுக்குள் முன்னேற்றத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 64ஆம் பிரிவு வழக்கில் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சிறையில் இருந்தால் அவருக்குத் தானாகவே ஜாமீன் உரிமை வந்துவிடும். அதனால் 45ஆம் நாள் வாக்கில் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: தடய அறிவியல் ஆய்வகத்துக்கு மாதிரி எப்போது போனது, அறிக்கை வந்ததா? மாதிரி நிலையத்து அலமாரியிலேயே கிடப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கடிதம் வந்தால் அது நகரும்.

ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்த உரிமை. 16 வயதுக்குட்பட்டவர் வழக்கில் புகார்தாரர் இருப்பதே கட்டாயம். ஜாமீனில் வெளியே வந்தவன் வீட்டு வாசலில் வந்து நின்றாலோ ஆள் விட்டுப் பேசினாலோ, ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், அதே நாள் புகார் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்ய அதுதான் ஆதாரம். பயம் அதிகமென்றால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு போடலாம். மிரட்டல் குறித்த அறிக்கை ஐந்து வேலை நாளில் வர வேண்டும். துணைக் காவல், கேமரா, வேறு இடத்தில் தங்கவைப்பது என்று எது தேவையோ அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

இழப்பீடு

அதிகம் பேருக்குத் தெரியாதது இதுதான். இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிரி யாரென்றே தெரியாவிட்டாலும், பிடிபடாவிட்டாலும் கேட்கலாம்.

மனு போடும் இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவதும் அவர்களே, 15100க்கு அழைத்தும் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் ஏற்று 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தின் அட்டவணை இது: வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம், வல்லுறவால் கர்ப்பம் என்றால் 3 முதல் 4 லட்சம், கருச்சிதைவு நேர்ந்தால் 2 முதல் 3 லட்சம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இதைவிட 50 விழுக்காடு கூடுதல்.

இடைக்கால நிவாரணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. அது அட்டவணையின் உச்சத் தொகையில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. வல்லுறவு வழக்கில் உச்சம் 7 லட்சம், ஆக இடைக்காலமாகவே 1,75,000 ரூபாய். மருந்து, வேலைக்குப் போகாத நாள், வீடு மாறும் செலவு என்று என்ன நெருக்கடியோ அதை மனுவில் எழுதுங்கள்.

மனுவுடன் எஃப்.ஐ.ஆர். நகல், இருந்தால் மருத்துவச் சீட்டுகள், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை ஆணைக்குழுவுக்கு அனுப்புவது நிலைய அதிகாரியின் கடமையும்கூட. வங்கிக் கணக்கு பாதிக்கப்பட்டவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். கணவரோடோ மாமனாரோடோ கூட்டுக் கணக்கென்றால் பணம் அவர் கைக்கு வராமலே போகும் ஆபத்து உண்டு. குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் முடங்கிய கணக்கா என்பதையும் முன்பே பாருங்கள், ஆணை வந்த பிறகு பணம் திரும்பிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மனுவை 60 நாளில் முடிக்க வேண்டும். முழுத்தொகையில் நான்கில் ஒரு பங்கு கையில் கிடைக்கும், முக்கால் பங்கு குறைந்தது மூன்றாண்டுக்கு வைப்புத் தொகையாகும். சிறார் என்றால் 80 விழுக்காடு வைப்பில் இருக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்பட்டால் முன்கூட்டியே எடுக்க மனு செய்யலாம். தொகை குறைவாக வந்தால் 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு. குற்றம் நடந்தோ நீதிமன்ற விசாரணை முடிந்தோ மூன்றாண்டு வரை மனு போட நேரம் உண்டு.

பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. செய்தவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் எஃப்.ஐ.ஆரில் சேர வேண்டும், சாதிச் சான்றிதழை முதல் வாரத்திலேயே கொடுங்கள். அந்தச் சட்டத்தின் விதிகளின்படி வல்லுறவுக்கு 5 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம். பாதித் தொகை மருத்துவ அறிக்கை வந்ததும், கால் பங்கு குற்றப்பத்திரிகை தாக்கலானதும், மீதி கீழமை நீதிமன்ற விசாரணை முடிந்ததும். இது கலெக்டர் அலுவலகம் வழியாக வரும். விசாரணையை டி.எஸ்.பி. நிலையில் உள்ளவர் செய்ய வேண்டும், எதிரிக்கு முன்ஜாமீன் கிடையாது.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால்

18 வயதுக்குட்பட்ட ஆண், பெண், திருநர் எல்லாருக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தவர் யாராயினும் புகார் தர வேண்டும், பள்ளி நிர்வாகம் மூடி மறைத்தால் அதுவே குற்றம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டில், கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் எழுத வேண்டும். இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் குழுவிடம் இரண்டு கேளுங்கள்: ஒன்று, வழக்கு முடியும்வரை கூட வரும் ஆதரவு நபர்; இரண்டு, உணவு, உடை, பயணத்துக்கான உடனடி நிவாரணம். இரண்டாவதை ஒரு வாரத்தில் தர வேண்டும். இடைக்கால இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றமே வழங்கலாம், எஃப்.ஐ.ஆர். போட்ட நாளிலிருந்தே கேட்கலாம்.

வயது வந்த ஆண்களுக்கு நியாய சன்ஹிதாவில் இதற்கு இணையான பாதுகாப்பு இல்லை. திருநருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெறும் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு தண்டனைதான். 18 வயது தாண்டிய மனைவி மீது கணவன் செய்வது இன்னும் வல்லுறவுக் கணக்கில் வருவதில்லை. அவருக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணையும் தங்கும் உரிமையும் உண்டு, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இந்த ஓட்டைகளைச் சட்டம் அடைத்தே ஆக வேண்டும்.

மாநிலத்தின் சொந்தச் சட்டம்

பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கும் தமிழ்நாடு சட்டம் 1998இல் வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததன் பின்னணியில் முதலில் அவசரச் சட்டமாகப் பிறந்தது அது. அதில் பலர் மறந்துபோன ஒரு விதி இருக்கிறது: பேருந்தில் தொந்தரவு நடந்து பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "இறங்கிப் போய்ச் சொல்லிக்கம்மா" என்பது சட்டமீறல்.

2025 ஜனவரியில் சட்டப்பேரவை இந்தச் சட்டத்துக்கும், நியாய சன்ஹிதாவின் பாலியல் குற்றப் பிரிவுகளுக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக உயர்த்துவது அவற்றில் ஒன்று. இணைய வழித் தொந்தரவும் தொந்தரவு என்பதற்குள் வந்தது. உங்கள் வழக்குக்கு எந்தத் தண்டனை என்பதைக் குற்றம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டமே தீர்மானிக்கும், பின்னர் கூட்டிய தண்டனை முன்னர் நடந்த குற்றத்துக்குப் பொருந்தாது. வழக்கறிஞரிடம் இந்தக் கேள்வியைத் தேதியோடு கேளுங்கள்.

நீதிமன்றத்தில்

வழக்கு பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கான மகிளா நீதிமன்றத்திலோ போக்சோ சிறப்பு நீதிமன்றத்திலோ நடக்கும். விசாரணை மூடிய அறையில். எதிரியின் முகத்தைப் பார்க்காதபடி திரை கேட்கலாம், வீடியோ வழியாகச் சாட்சி சொல்லவும் கேட்கலாம். முதல் நாளே எழுத்தில் மனு கொடுத்தால்தான் ஏற்பாடு இருக்கும், கூண்டருகே போய்க் கேட்டால் 'இன்றைக்கு இப்படியே சொல்லுங்கள்' என்றாகிவிடும். பாதிக்கப்பட்டவரின் முந்தைய காதல், உறவு, நடத்தை பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்க முடியாது. அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்கவில்லையென்றால் உங்கள் வழக்கறிஞர் அவர் வழியாக ஆட்சேபிக்க வேண்டும். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சொந்த வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இதற்காகத்தான்.

சாட்சி சொல்லும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது அரசு வழக்கறிஞரைப் பார்த்து, எஃப்.ஐ.ஆரையும் 183 வாக்குமூலத்தையும் பாதிக்கப்பட்டவர் ஒருமுறை படிக்கட்டும். மூன்றாண்டு கழித்து, அந்த இரவில் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று கேட்பார்கள். சம்மனோடு வருபவருக்குப் பயணப்படி உண்டு, சம்மன் தாளைக் காட்டி வாங்குங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். சம்மன் பழைய வீட்டுக்குப் போய், சாட்சி வரவில்லை என்று பதிவாவது பல வழக்குகளை முடக்குகிறது.

எதிரி விடுதலையானாலோ குறைந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலோ, நீதிமன்றம் தந்த இழப்பீடு போதாதென்றாலோ, பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், அரசை எதிர்பார்க்க வேண்டாம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992இல் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011இல். அதை உறுதி செய்து, வல்லுறவுக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 செப்டம்பரில். 31 ஆண்டு. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது, நகலுக்கு மனு போட்ட நாள் முதல் அது தயாரான நாள் வரை கழித்துக்கொள்வார்கள். நகலில் மூன்று தேதி முத்திரை இருக்கும்: மனு போட்ட நாள், தயாரான நாள், கொடுத்த நாள். மூன்றும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்து வாங்குங்கள்.